சாக்குப் பையில் இருந்த மேனிஃபோல்டு

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை வெள்ளிக்கு வாங்கினீர்கள் என்று. அடுத்து, எக்ஸாஸ்ட் மாற்றவில்லையா என்று. பெட்ரோல் நிலையத்தில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட்டில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தால், பக்கத்து மோட்டார் சைக்கிளில் வரும் பையன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்பான். மாற்றியாயிற்று தம்பி என்றால், "சத்தமே வரலையே அங்கிள்" என்பான்.

சத்தமே வராத அந்த வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கார் எம்ஜிபி. 1969ஆம் ஆண்டு மாடல், கூரையை மடக்கிவிடலாம், இரண்டு பேர் உட்காரலாம். அபூர்வமான வண்டி என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து உலகமெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். 1798 சிசி, நாலு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். அறிமுகமானபோது 95 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். நம்மூர் மைவி 1.5 இன்று அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தருகிறது. ஆனால் மைவியில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாங்கியவர் என் தாய்மாமா. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். குடியிருந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஃபிட்டர் சம்பளத்தில் ஸ்போர்ட்ஸ் கார் எப்படி என்று இன்றும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த சின்னத் துரை, ஊருக்குத் திரும்பும் நேரத்தில் ஹெட் கேஸ்கெட் போய்க் கொட்டகையில் கிடந்த வண்டியை, அந்தத் தோட்டத்திலேயே டிரைவராக இருந்த எங்கள் தாத்தாவிடம் தள்ளிவிட்டுப் போனார். மாமா அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். என்ன விலைக்கு வாங்கினேன் என்று அவர் சொன்னதை அத்தை கடைசிவரை நம்பவில்லை. எண் தகட்டில் சிலாங்கூரின் 'பி' எழுத்து. கோலாலம்பூருக்குத் தனியாக 'டபிள்யூ' வந்தது 1974இல்தான்.

எங்கள் குடும்பத்தில் கார் பைத்தியம் பரவியதற்கு அந்த வண்டி பாதிக் காரணம். மீதிக் காரணம் பத்து தீகா. 1968இல் திறந்த அந்தப் பந்தயத் திடலுக்கு மாமா எங்களைக் கூட்டிப்போவார். செப்பாங் திடல் 1999இல் வந்த பிறகு பத்து தீகாவை யாரும் சீண்டவில்லை. பின்னர் அதை இடித்தும்விட்டார்கள். அங்கே கேட்ட சத்தத்தை வீட்டு வாசலில் கேட்க வேண்டும் என்பது மச்சானின் ஆசை. மச்சான் என்றால் மாமாவின் மூத்த மகன். எண்பதுகளின் நடுவில் அவன் கையில் முதல் சம்பளமும் கார் சாவியும் சேர்ந்தே வந்தன.

அந்தக் காலத்தில் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் ஹாஃப் கட் கடைகள் பெருகிக்கொண்டிருந்தன. ஜப்பானில் கழித்துக் கட்டிய கார்களைக் குறுக்கே அறுத்து, முன்பாதியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி விற்பார்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், சைலன்சர், எல்லாம் கிடைக்கும். மச்சான் அங்கிருந்து ஒரு பெரிய மஃப்ளரைப் பிடித்தான். ஒரு பட்டறையில் கையாலேயே குழாய் வளைத்து, மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்ட எக்ஸ்ட்ராக்டர் செய்து வாங்கினான். இரண்டரை அங்குலக் குழாய். நடுவில் இருந்த சைலன்சர் பெட்டியைத் தூக்கி எறிந்தான். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருந்த வெப்பத் தடுப்புத் தகடு எக்ஸ்ட்ராக்டருக்கு இடித்தது என்று அதையும் எடுத்துவிட்டான். வண்டி ஜாலான் துன் சம்பந்தனில் திரும்பும்போதே குவார்ட்டர்ஸில் நாய்கள் எழுந்துவிடும்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மகன் ஆசைப்பட்டதைத் தடுக்கவும் இல்லை. கழற்றிப் போட்ட வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை மட்டும் எடுத்து, கிரீஸ் தடவி, சாக்குப் பையில் கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தார். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கிள்ளானுக்கு வீடு மாறியபோது அந்தச் சாக்கும் கூடவே வந்தது.

மச்சான் ஆஸ்திரேலியாவில் குடியேறினான். மாமாவுக்குக் கண் மங்கியது. 2012இல் கார் என்னிடம் வந்தது. வரும்போது அதற்கு மூன்று வியாதி. ஒன்று, ஆக்சிலரேட்டரை மிதித்துக் காலை எடுத்தால் பின்னால் பட் பட் என்று வெடிக்கும். இரண்டு, கேஎல் சென்ட்ரல் பக்கம் நெரிசலில் மாட்டினால் பத்து நிமிடத்தில் இருமத் தொடங்கி நின்றுவிடும்; அரை மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். மூன்று, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் காதுக்குள் ஒரு ரீங்காரம், பேசினால் கேட்காது.

கண்டதையெல்லாம் மாற்றுவதற்கு முன் எக்ஸாஸ்டை முழுதாகப் புதிதாக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். இங்கிலாந்திலிருந்து நல்ல ஸ்டெயின்லெஸ் எக்ஸ்ட்ராக்டர் வரவழைக்கலாம் என்றுதான் எண்ணம். ஜாலான் காப்பார் அருகில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் வண்டியை விட்டேன். பழைய ஆங்கிலேய வண்டிகள் பார்ப்பவர்கள் கிள்ளானில் குறைந்துகொண்டே வந்த காலம் அது. அவர் பானட்டைத் திறந்தார், டார்ச் அடித்தார், எஞ்சின் ஹெட்டின் ஓரத்தில் விரலால் தடவி எனக்குக் காட்டினார். விரல் நுனியில் கரி.

"இங்கதான் உங்க பந்தயச் சத்தம் இருக்கு."

இந்த எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம். இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். சில ஸ்டட்களை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரே தடித்த வாஷர் இரண்டு ஃப்ளாஞ்சின் விளிம்பையும் சேர்த்து அழுத்தும். இரண்டு ஃப்ளாஞ்சும் ஒரே கனமாக இருந்தால்தான் வாஷர் சமமாக உட்காரும். மச்சானின் எக்ஸ்ட்ராக்டருக்கு அந்தப் பட்டறைக்காரர் கையில் கிடைத்த தகட்டில் ஃப்ளாஞ்ச் வெட்டியிருந்தார். இன்டேக் பக்கத்தைவிட அது மெலிசு. வாஷர் சாய்ந்தபடி நின்றது. எவ்வளவு முறுக்கினாலும் எக்ஸாஸ்ட் பக்கம் இறுகவில்லை. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். ஆக்சிலரேட்டரை விட்டதும் எரியாமல் வரும் பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு கலந்து குழாய்க்குள் வெடிக்கும். அதுதான் பட் பட்.

இதை மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது ஓட்டை தம்பி. இருபத்தஞ்சு வருஷமா அந்த ஓட்டையத்தான் எல்லாரும் சூப்பர்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

பிறகு அந்தச் சாக்கை எடுத்துவரச் சொன்னார். கிரீஸ் கருத்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். சுத்தமானதும், கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொல்லிச் சின்னச் சுத்தியலால் தட்டினார். ணங் என்று நீளமாக ஒலித்தது. விரிசல் இருந்தால் செத்த சத்தம் வரும் என்றார். அதோடு விடவில்லை. மேலெல்லாம் மறுபடி மண்ணெண்ணெய் தடவி ஊறவைக்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்துத் துணியால் ஒட்டத் துடைத்து, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்குக் கட்டியை மேலே தேய்க்கச் சொன்னார். விரிசல் எங்காவது இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். செந்தூலில் ரயில் எஞ்சின் பாகங்களை இப்படித்தான் பார்ப்போம் என்றார். கண் தெரியாததால் பார்க்கும் வேலை எனக்கு. "கோடு ஏதும் இருக்கா? நல்லா பாரு, மூலையில பாரு." ஒரு கோடும் இல்லை.

அப்போதும் எனக்கு எக்ஸ்ட்ராக்டர் மேல்தான் ஆசை. வார்ப்பிரும்பு கனமானது, பழசு, தொழிற்சாலை செலவைக் குறைக்கப் போட்டது என்று எல்லாரும் சொல்வதைத்தான் நானும் கேட்டிருந்தேன். பட்டறைக்குக் கொண்டுபோனதும் அண்ணன் மேனிஃபோல்டைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். இந்த எஞ்சின் ஹெட்டில் புகை வெளியேற மூன்றே வாசல். ஒன்றாம் சிலிண்டருக்கு ஒன்று, நாலாம் சிலிண்டருக்கு ஒன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் சேர்த்து நடுவில் ஒன்று. மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்குவது இரண்டு குழாய். ஓரத்து இரண்டு வாசலும் ஒரு குழாயில் சேர, நடு வாசல் இன்னொன்றில் இறங்குகிறது. எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்று வெடித்தால் புகை முதல் குழாயில், மூன்று வெடித்தால் மற்றதில், நாலு வெடித்தால் மறுபடி முதல் குழாயில், இரண்டு வெடித்தால் மற்றதில். மாறி மாறி வருவதால் ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் வழியை அடைப்பதில்லை. எக்ஸ்ட்ராக்டர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அந்த இரும்பே செய்துவிடுகிறது. சாதாரண எஞ்சினுக்கு எக்ஸ்ட்ராக்டரால் கிடைக்கும் லாபம் மிகக் கொஞ்சம் என்று எம்ஜிபி எஞ்சின் கட்டுபவர்களே சொல்கிறார்கள்.

நம்மூருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே தொங்குவது இரண்டு கார்புரேட்டர். எக்ஸ்ட்ராக்டரின் மெல்லிய குழாய் வெப்பத்தைத் தாராளமாக வெளியே வீசும். கனமான இரும்பு அவ்வளவு வீசாது. இங்கிலாந்துக் குளிரில் இது யாருக்கும் தெரியாது. நண்பகல் வெயிலில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில், காற்றோட்டம் இல்லாமல் நின்ற இடத்தில் நிற்கும்போது, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். வண்டி இருமியது அதனால்தான். தடுப்புத் தகடும் இல்லையே.

சரி, இரும்பே போகட்டும் என்றேன். அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் சேர்த்துக் கட்டி, ஒரே தடவையில் மேற்பரப்பை மெஷினில் சீவி எடுத்தார்கள். இரண்டு ஃப்ளாஞ்சும் ஒரே மட்டத்துக்கு வந்தன. புது ஸ்டட், புது கேஸ்கெட், துருப்பிடித்துக் கவ்விக்கொள்ளாத பித்தளை நட்டு. தடுப்புத் தகடு புதிதாக வந்தது. கீழே இறங்கும் இரட்டைக் குழாயை மேனிஃபோல்டோடு பிணைக்கும் நட்டுகளை மாட்டும் வேலைக்கு மட்டும் அண்ணன் தன் பையனை விட்டார். அவன் கைதான் அந்த இடுக்கில் நுழையும்.

மேனிஃபோல்டுக்குப் பின்னால் உள்ளதெல்லாம் பண்டமாரானில் ஒரு சீனத் தவ்கேயிடம். வண்டியை ஹாய்ஸ்டில் ஏற்றி, அடியில் நின்று மேலே பார்த்தபடியே மலாயில் கேட்டார்: "கெரேத்தா இனி மாவு பூன்யி கா, மாவு லாரி கா?" இந்த வண்டி கத்தணுமா, ஓடணுமா?

ஓடணும் என்றேன். அப்படியானால் இரண்டரை அங்குலம் வேண்டாம் என்று அதிலேயே கைவைத்தார். எக்ஸாஸ்டில் எதிர் அழுத்தம் இருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் பேசுவார்கள். எந்த எஞ்சினுக்கும் எதிர் அழுத்தம் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். குழாய் ரொம்பப் பெரிதானால் புகை சோம்பிப்போகும், குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். தொழிற்சாலை போட்டது ஒன்றேமுக்கால் அங்குலம். தவ்கே இரண்டு அங்குலத்தில் நிறுத்தினார்.

பழைய சைலன்சர்கள் ஏன் அழுகுகின்றன என்பதை அவர் பட்டறையில்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு பின்பெட்டியை அறுத்து வைத்திருந்தார். வெளியே பெயின்ட் அப்படியே இருந்தது, உள்ளே செதில் செதிலாகத் துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் போனால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். சந்தைக்குப் போய் வருகிற வண்டியில், சூடேறாத பின்பெட்டியில் தண்ணீராகத் தங்கிவிடும். மாமா ஞாயிறுதோறும் காரணமே இல்லாமல் மோரிப் கடற்கரைவரை ஓட்டிப் போய் வந்தது ஞாபகம் வந்தது. காரணம் இருந்திருக்கிறது.

ஆகவே ஸ்டெயின்லெஸ். அதிலும் 304 தரம்; பதினெட்டு சதம் குரோமியம், எட்டு சதம் நிக்கல். தவ்கே சட்டைப் பையில் காந்தம் வைத்திருப்பார். குழாயில் பலமாக ஒட்டினால் அது 304 அல்ல. வளைவுகளை அவர் பட்டறையில் வளைக்கவில்லை. அழுத்தி வளைத்தால் உள்வட்டம் நசுங்கிவிடும் என்று, நசுங்காமல் மேன்ட்ரலில் வளைத்த துண்டுகளை வாங்கி அறுத்துப் பற்றவைத்தார். பற்றவைக்கும்போது குழாயின் இரண்டு வாயையும் டேப்பால் மூடி, உள்ளேயும் ஆர்கன் வாயுவை நிரப்பினார். அப்படிச் செய்யாவிட்டால் உட்பக்கம் உலோகம் கருகி, கட்டிபிடித்த சீனி மாதிரி பொரபொரவென்று நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பின்னால் அங்கேதான் விரிசல் விடும். நல்ல வேலைக்காரரையும் சுமாரான வேலைக்காரரையும் இந்த ஒரு இடத்தில் பிரித்துவிடலாம். குழாய் கொடுக்கும்போது வாங்கி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்.

முதலில் நடுப்பெட்டி இல்லாமல், புள்ளி வைத்துப் பற்றவைத்த நிலையிலேயே ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தோம். நகருக்குள் அருமை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் டாப் கியரில் 3000 சுற்று வந்ததும் அந்தப் பழைய ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வண்டிக்கு 3000 சுற்று என்றால் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். நாலு சிலிண்டர் எஞ்சினில் அந்தச் சுற்றில் நொடிக்கு 100 வெடிப்பு. சாலையின் வேக வரம்பும் அங்கேயே. வாழ்நாள் முழுக்க அந்த ரீங்காரத்தோடுதான் போக வேண்டியிருக்கும். நடுப்பெட்டி திரும்ப வந்தது. தட்டையான நீள்வட்டப் பெட்டியாகப் பார்த்து, அண்டர்பாடியை ஒட்டி மாட்டினார். நம்மூர்த் தாமான்களில் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளில் தாழ்ந்த வண்டி எதுவும் அடி தேயாமல் தப்பாது. ஸ்டெயின்லெஸ் சூட்டில் சாதாரண எஃகைவிடக் கூடுதலாக நீளும் என்பதால், முழுதும் பற்றவைக்காமல் இரண்டு இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூட்டாக விட்டு கிளாம்ப் போட்டார்.

கார்புரேட்டரை அண்ணன் கடைசியில்தான் தொட்டார். எக்ஸாஸ்டில் ஒழுக்கு இருக்கும்வரை கலவையைச் சரிபார்ப்பது வீண். எஸ்யூவில் பிஸ்டனைக் கொஞ்சமாகத் தூக்கிவிடும் பின் ஒன்று உண்டு. தூக்கினால் சுற்று ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணைந்தால் குறைவு. லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி. தொழிற்சாலைக் கணக்கைவிடக் குழாய் பெரிதானதில் கலவை மெலிந்திருந்தது. அடியில் உள்ள நட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, தலையைச் சாய்த்துக் காதால் கேட்டே செட் செய்தார்.

அதற்குப் பிறகு வண்டி எப்படி? பட் பட் போயிற்று. நெரிசலில் நின்றுபோவது அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், கடும் வெயிலில் எப்போதாவது திணறும். கராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் முன்பு மூன்றாம் கியருக்கு இறக்க வேண்டிய இடங்களில் இப்போது டாப்பிலேயே ஏறுகிறது. ஐடிலில் பின்னால் நின்று கேட்டால் அடக்கமாக ஒரு குடுகுடு. சுற்று ஏற ஏறத் தொண்டையைத் திறக்கும், அதுவும் ஓட்டுபவனுக்குக் கேட்கிற அளவுக்குத்தான். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மோரிப் போனேன். பந்திங் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டேப்பெட் கொஞ்சம் சத்தம் போடுது, பாரு" என்றார். அவருக்கு டேப்பெட் கேட்டது என்றால் எக்ஸாஸ்ட் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சாலைத் தடுப்புகளில் இரவு நேரம் மைவியையும் சாகாவையும் ஓரங்கட்டி எக்ஸாஸ்டைப் பார்ப்பார்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டு வந்த வாகன இரைச்சல் விதிமுறைகளும் பழைய வண்டி என்று சலுகை காட்டுவதில்லை. என் வண்டியை ஒரு தடவை நிறுத்தினார்கள். அதிகாரி பின்னால் போய்க் குனிந்து பார்த்தார், எஞ்சினை முடுக்கச் சொன்னார், பிறகு எத்தனை வெள்ளிக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார்.

நம் பையன்களிடம் சத்தத்தை விடச் சொல்லிப் பயனில்லை, நானும் அந்த வயதில் மச்சானின் பக்கத்தில் உட்கார்ந்து போனவன்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். எம்ஜிபியோ, டட்சனோ, பழைய சாகாவோ, எக்ஸ்ட்ராக்டர் போடுகிறீர்கள் என்றால் போடுங்கள். ஃப்ளாஞ்சின் கனத்தை முதலில் அளந்துவிட்டுப் போடுங்கள். கழற்றிய இரும்பைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடாதீர்கள். கிரீஸ் தடவி, சாக்கில் கட்டி எங்காவது வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் கிள்ளானுக்குக் கொண்டுவாருங்கள், என் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது.